வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்தவள்

கந்தோரால் வந்த ஐயா அன்றைக்குச் சப்பாத்தைக் கழற்றினார், கோட்டைக் கழற்றவில்லை. சாய்மனைக் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, நான் நீட்டிய புத்தகத்தை மடியில் வைத்து, முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தார்.

வேதபாடத்தில், அதாவது பைபிள் பாடத்தில், முதலாம் பரிசு. கீழே என் பெயர், பரமேஸ்வரி. அதற்கும் கீழே பெரிய ரீச்சரின் கையெழுத்து. புதுத் தாளின் பசை மணம் நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது.

என் தகப்பனாரைத்தான் நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். துறைமுகக் கந்தோரில் கிளார்க்.

"வகுப்பில எத்தினை பேர், பிள்ளை?"

"இருபத்தாறு."

"அதில வேதக்காரப் பிள்ளைகள்?"

"இருபது பேர் வரும்."

"அப்ப இருபது வேதக்காரப் பிள்ளைகளை விழுத்திப்போட்டு வந்திருக்கிறாய்." ஐயா சிரித்தார். பிறகு சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது.

"இந்தப் படத்தில ரெண்டு பக்கமும் நிக்கிறது ஆர்?"

"வள்ளி, தெய்வானை."

"ஏன் ரெண்டு பேர்?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு பரிசுக்காரிக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அடுப்படி வாசலில் அம்மாவும் வந்து நின்று என் பதிலுக்காகக் காத்திருந்தா.

"நீங்கள் சொல்லுங்கோ, ஐயா."

ஐயா புத்தகத்தை மூடினார். திரும்பத் திறந்தார். "எனக்கும் வடிவாத் தெரியாது, பிள்ளை" என்றார்.

எங்கள் ஒழுங்கை

போன கிழமை கடலோர ரயிலைப் பற்றி எழுதியதை வாசித்த அன்பர் ஒருவர், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் பெயர் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறார். அதைச் சொல்வதற்கில்லை. இந்த அத்தியாயத்தில் வருகிற சிலரின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

காலி வீதியில் தொடங்கித் தண்டவாளத்தில் முடிகிற ஒழுங்கை அது. யன்னற் கம்பிகளை உப்புக் காற்று தின்றுகொண்டே இருக்கும். பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். ஆண்கள் எல்லாரும் காலையில் ஒரே ரயிலில் கோட்டைக் கந்தோர்களுக்குப் போய், பின்னேரம் ஒரே ரயிலில் திரும்பி வருவார்கள்.

சமயம் இல்லாத வீடுகள் அல்ல அவை. விளக்கு ஏற்றுவோம், வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சமைக்க மாட்டோம், நெற்றியில் திருநீறு பூசாமல் பள்ளிக்கூடம் போகமாட்டோம். ஏன் என்று மட்டும் ஒருவரையும் கேட்டதில்லை. பல் தீட்டுவதற்குக் காரணம் கேட்பார்களா என்ன?

பள்ளிக்கூடம் மிஷன் பள்ளிக்கூடம். தாய் தகப்பன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் வேதபாடத்துக்கு இருக்கத் தேவையில்லை. அப்படிக் கடிதம் கொண்டுவந்த பிள்ளைகள் அந்த நேரத்தில் தையல் அறையில் இருந்து கைக்குட்டைக்குக் கரை அடிக்க வேண்டும். எனக்குத் தையல் என்றால் கசப்பு. ஐயாவும் கடிதம் எழுதவில்லை. நல்ல கதை எந்தப் பிள்ளையையும் கெடுக்காது என்பது அவருடைய எண்ணம்.

உண்மையில் நல்ல கதைகள்தான். எங்களுக்கு வேதம் படிப்பித்த ரீச்சர் நொண்டியைச் சுகப்படுத்திய இடத்துக்கு வரும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பா. முப்பது தடவை சொல்லியிருப்பா, முப்பது தடவையும் துடைத்திருப்பா. அவவில் எனக்கு இருந்த விருப்பம்தான் அந்தப் பரிசு. அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

பரிசுப் புத்தகத்தை ஐயா என்ன செய்தார் என்று சொல்ல விட்டுவிட்டேன். அலுமாரியில் கண்ணாடிக்குப் பின்னால், வருகிறவர்களுக்குத் தெரியும்படி வைத்தார். வைத்துவிட்டு, கோட்டும் கழற்றாமல் பிறக்டர் மாமா வீட்டுக்குப் போனார்.

பதி, பசு, பாசம்

ஒழுங்கையில் பெரிய வீடு பிறக்டர் மாமாவுடையது. நீதிமன்றத்தில் பெயர் எடுத்த வக்கீல். அவருடைய ஹோலில் ஐம்பது பேர் தாராளமாக இருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகப்பன்மார் அங்கே கூடி, தேத்தண்ணி குடித்து, ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். வெள்ளிதோறும் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒழுங்கையின் குமரப் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு. கற்பிக்கக் கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு பண்டிதர் வருவார்.

பதினெட்டுப் பேர் சேர்ந்தோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு வெறும் நிலம்.

பண்டிதர் நல்ல மனிதர். புறக்கோட்டையில் பஸ் மாறி, வியர்த்து வடிந்து வருவார். வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினால் திறக்கும்போது இரண்டு மணித்தியாலம் போயிருக்கும். பதி, பசு, பாசம் என்று மூன்றைப் பற்றியே நான்கு கிழமை பேசினார். பையன்கள் கடற்கரைப் பக்கம் போகிற ரயில்களை விரலில் எண்ணுவார்கள்.

மூன்றாம் கிழமை பிறக்டர் மாமாவின் மகன் ராசன் எழும்பினான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. நெடுவல், வாய்த்துடுக்கு.

"ஐயா, பசு எண்டால் மாடுதானே?"

பண்டிதர் கண் திறந்தார். "பசு எண்டால் உயிர், தம்பி. இப்ப இந்த ஹோலில நிண்டு கேக்கிற நீதான் பசு."

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் சென்றது. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த ஒரு நாள்தான் வகுப்பு உயிரோடு இருந்தது. அடுத்த மாதம் வந்தவர்கள் ஆறு பேர். மழைக் குளிரில் பண்டிதருக்கு இருமல் பிடித்து அவரும் நின்றுவிட்டார். வகுப்பை மூடுவது பற்றிப் பேசத் தகப்பன்மார் திரும்பவும் தேத்தண்ணிக்குக் கூடினார்கள்.

நாங்கள் சிலர் யன்னலடியில் தொட்டாற்சிணுங்கி போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தோம். வகுப்புப் போனால் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் வெளியே வருவதற்கு எங்களுக்கு வேறு சாட்டு இல்லை. சமயப் பற்று என்று அப்போது எனக்கு இருந்தது அவ்வளவுதான்.

ராசன்தான் பெரியவர்களுக்கு முன்னால் போய் நின்றான். "ஒரு மாதம் எங்களிட்ட விட்டுப் பாருங்கோ. ஆரும் படிப்பிக்க வேண்டாம். நாங்களே படிக்கிறம்."

பிறக்டர் மாமா மகனை ஏற இறங்கப் பார்த்தார். "என்னத்தைப் படிக்கப் போறியள்?"

"தெரியாததை."

தெரியாததைப் படித்தோம்

எங்கள் முறை சுலபமானது. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு கேள்வி தெரிவு செய்வோம். அடுத்த வெள்ளிக்குள் ஒவ்வொருவரும் யாரிடமாவது கேட்டு ஒரு பதில் கொண்டுவர வேண்டும். ‘தெரியாது’ என்ற பதிலோடு வரக்கூடாது.

முதற் கேள்வி என்னுடையது. முருகனுக்கு ஏன் இரண்டு பேர்?

ஐயரைக் கேட்டோம். கணக்கு வாத்தியாரைக் கேட்டோம். ஊரில் இருந்து வந்திருந்த ஒருவருடைய பெரியப்பாவைக் கேட்டோம். ஆளுக்கு இரண்டாகப் பன்னிரண்டு பதில்கள் வந்தன. ஒன்று, விருப்பமும் செயலும் என்றது. இன்னொன்று, விண்ணில் இருந்து ஒருத்தி, மண்ணில் இருந்து ஒருத்தி என்றது. கணக்கு வாத்தியார், ‘உனக்கு இப்ப அது என்னத்துக்கு?’ என்று கேட்டாராம். அதையும் ஒரு பதிலாக எழுதிக்கொண்டோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீடுகளில் பெரியவர்கள் வெள்ளிக்கிழமைக்குப் பயப்படத் தொடங்கினார்கள். சாப்பாட்டு மேசையில் பிள்ளை கேள்வி கேட்டால் என்ன சொல்வது? எங்கள் ஐயா புறக்கோட்டைக்குப் போய் மூன்று சமயப் புத்தகங்கள் வாங்கி வந்து, கதிரைக்கு அடியில் ஒளித்து வைத்து வாசித்தார். ஆறு பேர் பதினொருவர் ஆனோம்.

இன்னும் ஆட்கள் சேர்க்க ஓர் அறிவித்தல் எழுதிக் கோயில் மதிலில் ஒட்டுவது என்று முடிவாயிற்று. எழுத்து அழகு என்று அந்த வேலையை என்னிடம் தந்தார்கள். ‘பதின்மூன்று தொடக்கம் பதினெட்டு வயது வரையுள்ள சைவப் பிள்ளைகள் வரலாம்’ என்று ராசன் சொன்னதை எழுதிப் பார்த்தேன். கடைசி வரி பாதியில் நின்று அவலட்சணமாக இருந்தது. வரியை நிரப்ப ‘அனைவரும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். சோற்றுப் பசையால் ஒட்டினோம்.

அந்தச் சொல்லுக்காகப் பின்னாளில் என்னைப் பாராட்டியவர்கள் உண்டு. வரி நீளம் போதாமல் எழுதியது என்று நான் அப்போதும் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

முத்துலெட்சுமி

அடுத்த வெள்ளி, நாங்கள் விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் நேரே உள்ளே வந்தாள். என் வயதிருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கி வாரிய தலை, சாயம் போன சிவப்புத் தாவணி. வாழையிலைச் சரை ஒன்றைப் பிரித்து, அதில் இருந்த மல்லிகையை விளக்கடியில் வைத்தாள். கும்பிட்டாள். பெண்கள் பக்கம் வந்து என்னருகே இருந்தாள்.

ராசன் தயங்கிக் கேட்டான். "நீங்கள் ஆற்ற வீடு?"

"மில்லு லயத்துலேருந்து வர்றேங்க. பேரு முத்துலெட்சுமி."

கால்வாய்க்கரையில் நூல் மில் ஒன்று இருந்தது. இந்தியாவில் இருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் அதன் லயங்களில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய சின்ன அறைகளில், இருந்தன. எங்கள் ஒழுங்கைக்கும் அந்த லயத்துக்கும் நடை தூரம்தான். ஆனால் யாரும் நடந்ததில்லை.

"ஆர் வரச்சொன்னது?"

"கோயில்ல ஒட்டியிருந்துச்சுங்களே. அனைவரும்னு போட்டிருந்துச்சு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைய கேள்வி, விரதம் எதற்கு என்பது. ஒவ்வொருவரும் கொண்டுவந்த பதிலை வாசித்தோம். வயிற்றுக்கு ஓய்வு, மனத்துக்குக் கட்டுப்பாடு, ஐம்புலன் அடக்கம். எல்லாம் புத்தகத்தில் இருந்து வந்த சுத்தமான பதில்கள். முடிவில் ராசன், மரியாதைக்காக, புதியவளையும் கேட்டான்.

"எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாதுங்க. எங்கம்மா விரதம் இருந்துச்சுன்னா, அன்னிக்கு அதோட சோத்தை யாருக்காச்சும் குடுத்துரும். குடுக்காட்டி அது பட்டினிதான், விரதம் இல்லைன்னு சொல்லும்."

யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ராசன் பென்சிலைக் கீழே வைத்தான். "ஆடிவேல் வருது. எல்லாரும் விரதம் இருப்பம். அப்ப நாங்கள் என்ன குடுக்கப் போறம்?"

கொழும்பில் ஆடிவேல் என்றால் செட்டியார் தெருவில் இருந்து முருகனின் வேல் தேரில் ஏறி, காலி வீதி வழியாக எங்கள் பக்கத்துக் கோயிலுக்கு வருகிற விழா. காலையில் இருந்து வீதியில் சனம் நிற்கும். அந்தச் சனத்துக்கு மோர் கொடுப்பது என்று அந்த நிமிடமே முடிவானது. தண்ணீர்ப்பந்தல் போடலாம் என்று சொன்னது யார் என்று இப்போது நினைவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னது போல இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டு இருந்தா.

"மில்லில கூட்டித் துடைக்கிற ஆக்களின்ர பெட்டையோ?"

"ஓம். நல்லாப் பூக் கட்டுவாள், அம்மா."

"உன்னோட ஒரு பாயிலயோ இருந்தவள்?"

"ஓம்."

துருவலை நின்றது. அம்மா கொடுமைக்காரி அல்ல. பிச்சைக்கு வருகிறவனைக்கூட இருத்திச் சாப்பாடு போடுகிறவ. ஆனால் அவவின் மனதில் ஒரு கோடு இருந்தது. அதற்கு எந்தப் பக்கம் யார் என்பது அவ பிறக்க முந்தியே எழுதப்பட்டுவிட்டது.

"இனி அந்த வகுப்பு வேண்டாம்" என்றா.

முன்கூடத்தில் இருந்து ஐயாவின் குரல் வந்தது. "சமயம் படிக்க வாங்கோ எண்டு எழுதிப்போட்டு, வந்த பிள்ளையை ஏன் வந்தனீ எண்டு கேக்கிறதோ?" சொன்ன கையோடு பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். ஐயாவின் வீரம் அவ்வளவுதான், ஆனால் அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

அம்மா கொஞ்சம் இறங்கி வந்தா. "சரி, இருந்து படிக்கட்டும். சாப்பாடு தண்ணியில மட்டும் கைவைக்க விடாதேங்கோ."

வேறு இரண்டு வீடுகள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. நாங்கள் பத்துப் பேர் மிஞ்சினோம், முத்துலெட்சுமியையும் சேர்த்து.

மோர்ப் பந்தல்

ஒழுங்கை முனையில், காலி வீதியில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளியின் பலசரக்குக் கடை. பந்தல் போட இடம் கேட்கப் போனோம். நானா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "எந்தச் சாமிக்கிப் புள்ள?"

"வேலுக்கு, நானா."

"தாகத்துக்குத் தண்ணி குடுக்கிறதுக்கு எந்தச் சாமியா இருந்தா என்ன. கட முன்னுக்குப் போடுங்க. புதுச் சாடி நாலு வந்திருக்கு, அதையும் எடுங்க. ஒடச்சிப் போடாதீங்க."

ஒவ்வொரு வீட்டிலும் தயிர்ச்சட்டி ஒன்று வாங்கினோம். இஞ்சி, பச்சைமிளகாய், எலுமிச்சை மணக்கும் தேசியிலை எல்லாம் சேர்ந்தன. சேர்ந்த பிறகுதான் விளங்கியது, நாலு சாடிக்கு மோர் கரைக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் ஒரு செம்புக்குக் கரைத்ததுகூட இல்லை.

முத்துலெட்சுமிக்குத் தெரியும். அவர்களுடைய லயத்துப் பஜனை மடத்தில் ஒவ்வொரு வருடமும் செய்கிறார்களாம். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு சாடிகளுக்கு நடுவே நின்றாள். தயிரைக் கடைந்து, தண்ணீர் அளந்து ஊற்றி, இஞ்சியை நசுக்கித் துணியில் கட்டி இறக்கினாள். நாங்கள் அவள் சொன்னதைச் செய்தோம். உப்புப் போட்டதும் ஒரு சிரட்டையில் மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"நீ பாரு, பரமேசு. நான் முழு விரதம். வேல் வந்து சேர்ற வரைக்கும் தண்ணிகூடக் கிடையாது."

தேசியிலை வாசமும் இஞ்சிக் காரமும் நாக்கில் ஏறின. உப்புக் கணக்காக இருந்தது.

மதியம் திரும்பியதும் சனம் பெருகத் தொடங்கியது. கரும்புக்காரர், கடலைக்காரர், பலூன்காரர். சிங்களக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தன. முத்துலெட்சுமி அகப்பையால் ஊற்ற, நான் நீட்டினேன். ஒரு சிங்கள அம்மா மூன்று தடவை வாங்கிக் குடித்தா. ஒவ்வொரு தடவையும் "போம ரசய், நங்கி" என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டினா. நல்ல ருசி, தங்கச்சி, என்று அர்த்தம்.

அப்போதுதான் பிறக்டர் மாமா வந்தார். பட்டு வேட்டி, சால்வை. பந்தலுக்குள் வரவில்லை. ராசனைக் கையால் கூப்பிட்டு, கடைச் சுவரோரம் நிறுத்தி, சத்தமில்லாமல் ஏதோ சொன்னார். ராசன் திரும்பி வந்தபோது அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"முத்துலெட்சுமி, நீங்கள் பின்னுக்குப் போய் டம்ளர் கழுவுறியளோ?"

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு வீதிக்கு அந்தப் பக்கம் போய் நின்ற பிறக்டர் மாமாவைப் பார்த்தாள். அகப்பையை என் கையில் தந்தாள்.

"சரிங்க. யாராச்சும் கழுவத்தானே வேணும்."

வேத ரீச்சர் சொன்ன, நொண்டி எழுந்து நடந்த கதைக்குக் கண் கலங்கியவள் நான். என் அருகில் நின்ற பிள்ளையைப் பின்னால் அனுப்பியபோது அகப்பையை வாங்கிக்கொண்டு நின்றேன்.

தேர் வருகிற மேளம் தூரத்தில் கேட்டது. ஒழுங்கைப் பெண்கள் இருவரோடு அம்மா வந்தா. காலை தொடக்கம் அம்மாவும் விரதம், ஆனால் வெயில் அளவுக்கு மிஞ்சிவிட்டது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. மோர் மட்டும் குடிக்கலாம் என்று ஐயர் சொல்லியிருந்தார். நான் டம்ளரை நிரப்பி நீட்டினேன். அம்மா அதை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனா. பிறகு நிறுத்தினா.

"ஆர் கரைச்சது?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். உப்புப் பார்த்தது நான்தானே, அதில் முழுப் பொய்யும் இல்லை. பக்கத்துப் பெண்கள் இருவரும் என் வாயையே பார்த்தார்கள்.

"முத்துலெட்சுமி" என்றேன்.

அம்மா டம்ளரைப் பலகையில் வைத்தா. ஒரு துளியும் சிந்தாமல் மெதுவாக வைத்தா. வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போனா. மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

எனக்குக் கண் மறைத்தது. அடுத்த டம்ளரை எங்கே நீட்டுகிறேன் என்று தெரியாமல் நின்றேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ராசன் திடீரென்று பந்தலுக்குப் பின்னால் போனான். வேட்டியை மடித்துக் கட்டி, வாளிக்குப் பக்கத்தில் குந்தினான்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் கழுவுறன்."

"உங்கப்பா நிக்கிறாருங்க."

"தெரியும்."

தேர் வந்தபோது முத்துலெட்சுமி அகப்பையோடு முன்னால் நின்றாள். காளைகள் தலையை ஆட்டிக்கொண்டு எங்களைக் கடந்தன. கற்பூரப் புகைக்குள் வேலின் வெள்ளி ஒரு கணம் மின்னியது. அவள் அகப்பையை விடாமலே கும்பிட்டாள். ராசன் டம்ளர் தேய்த்த சாம்பல் கையோடு எழும்பிக் கும்பிட்டான். பிறக்டர் மாமா அதைப் பார்த்தார். எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

அம்மா கேட்டது

அன்று பின்னேரம் விளக்கு வைத்த பிறகு அம்மா விரதச் சோறு பரிமாறினா. ஐயாவுக்கும் எனக்கும் போட்டுவிட்டு, தனக்கும் ஓர் இலை போட்டு இருந்தா.

"நீ கரைச்சனெண்டு சொல்லியிருந்தா நான் குடிச்சிருப்பன்."

"நீங்கள் கேட்டீங்கள், அம்மா."

ஐயா அப்பளத்தைச் சத்தம் கேட்காமல் மென்று பார்த்தார்.

"நான் எதிர்ப்பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றா அம்மா. "அந்தப் பெட்டை ஏன் ஒரு சொட்டும் வாயில வைக்கேல்லை?"

"அவளும் விரதம். தண்ணியும் குடிக்கேல்லை."

"காலமை தொடக்கமோ?"

"ஓம்."

அம்மா சோற்றைப் பிசைந்தா. பிசைந்த கை நின்றது. "அவ்வளவு மோருக்குப் பக்கத்தில இருந்துகொண்டு" என்று தனக்குள் சொன்னா. அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அவ இலையை மடித்து எழும்பும்போது பார்த்தேன், பாதிச் சோறு அப்படியே இருந்தது.

வெள்ளை அடிக்கிற வீடு

அடுத்த வெள்ளிக்கிழமை பிறக்டர் மாமாவின் படலை பூட்டியிருந்தது. ஹோலுக்கு வெள்ளை அடிக்கப் போகிறார்களாம், கொஞ்ச நாளைக்கு வகுப்பு இல்லையாம் என்று வேலைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஹோலுக்கு வெள்ளை அடித்ததை நாங்கள் யாரும் காணவில்லை. பிறக்டர் மாமாவைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. எங்களைத் துரத்த அவருக்கும் மனம் வரவில்லை, அதனால்தான் சுண்ணாம்பின் மேல் பழியைப் போட்டார். சில வருடங்கள் சென்று, முத்துலெட்சுமி கலியாணமாகிக் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது, விசாரித்து ஆள் அனுப்பிச் சேலை கொடுத்தவரும் அவர்தான். மனிதர்களுக்கு நேரம் தேவைப்படுகிறது.

ராசன் பக்கப் படலையால் வெளியே வந்தான். கக்கத்தில் வகுப்புப் பாய் சுருட்டியபடி இருந்தது.

"எங்க இருக்கலாம்?" என்று கேட்டான். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது.

எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு கொட்டான் மரம். பத்துப் பேரும் ஓடிப்போய் அதன் கீழ் நின்றோம். கடற்காற்றில் மழை சரிவாக அடித்தது. முத்துலெட்சுமி கொண்டுவந்த பூச்சரையை நனையாமல் நெஞ்சோடு பிடித்திருந்தாள். கடற்கரை மணலில் இருப்போமா, கோயில் வெளி மண்டபத்துக்குப் போவோமா என்று கதைத்தோம். வீட்டுக்குப் போவோம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அது எனக்கு இப்போது நினைக்கும்போதுதான் தெரிகிறது.

எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. ஐயா இன்னும் கந்தோரால் வரவில்லை. அம்மா வாசலில் நின்றா.

"என்னத்துக்கு நனைஞ்சுகொண்டு நிக்கிறியள்? விளக்குக் கொளுத்தியாச்சு. வாங்கோ."

ஓடினோம். பையன்கள் பாயோடு முதலில், பெண்கள் பின்னால். படியில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். முத்துலெட்சுமி மரத்தடியிலேயே நின்றாள்.

அம்மாவும் பார்த்துவிட்டா. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு படி கீழே இறங்கினா.

"உனக்குப் புறம்பாச் சொல்ல வேணுமோ, பிள்ளை?"

அவள் வந்தாள். வாசலில் கால் துடைக்கக் குனிந்தவளின் தோளில் அம்மா ஒரு துவாயைப் போட்டா. தலையைத் துவட்டச் சொன்னா. பூச்சரையை வாங்கிப் பிரித்து, ஈரம் உதறி, முருகன் படத்துக்கு வைக்கும்படி அவளிடமே திருப்பிக் கொடுத்தா. கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல அடுப்படிக்குள் போய்விட்டா.

பாயை விரித்தோம். இடம் போதாமல் நடுவில் விடுகிற இடைவெளி அன்றைக்கு இல்லை. தொடக்கப் பாட்டுப் பாட வேண்டிய முறை என்னுடையது. நான் இன்னும் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தேன். முத்துலெட்சுமி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தானே தொடங்கினாள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு முருகன் பாட்டு, அவர்களுடைய லயத்து மெட்டில்.

இரண்டாம் அடியில் அடுப்படிக்குள் இருந்து அம்மாவின் குரலும் சேர்ந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது வேறு மெட்டு, அது கொஞ்சம் பின்தங்கி வந்தது. முத்துலெட்சுமி கண்ணைத் திறக்காமலே வேகத்தைக் குறைத்து, அம்மா வந்து சேரும் வரைக்கும் அந்த அடியைத் திரும்பத் திரும்பப் பாடினாள்.